அம்மா போன்ல சொல்ற வீட்டுச் செய்திக்கு உங்க பட்ஜெட்ல இடம் இருக்கா?



ஞாயித்துக்கிழமை காலையில ஊர்ல இருந்து வர்ற போனை நம்மில் பல பேர் எப்படிக் கேக்குறோம்? ஸ்பீக்கர்ல போட்டுட்டு துணி மடிப்போம். நடுநடுவுல "ம்... சரிம்மா..." அந்தப் பக்கத்துல இருந்து செய்தி வந்துக்கிட்டே இருக்கும். மோட்டார் மறுபடி தண்ணி இழுக்கல. பின் ரூம் சுவத்துல ஓதம் ஏறியிருக்கு. எதிர் வீட்ல மாடி எடுக்குறாங்க. அப்பா வாக்கிங் போறதை விட்டுட்டாரு. நம்ம தெருவுல வேன் பிடிச்சு திருச்செந்தூர் போனாங்க, நாங்க போகலை. கடைசியா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, நீ சாப்ட்டியா?"

மியூச்சுவல் ஃபண்ட் ஆப்ல தினமும் நாலு தடவை என்.ஏ.வி. பாக்குற நாம, இந்தப் பதினைந்து நிமிஷத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் அடுத்த ரெண்டு வருஷத்தில் உங்கள் சேமிப்பில் பெரிய ஓட்டை எங்கே விழப்போகிறது என்பதற்கான தகவல் பெரும்பாலும் அந்தப் போனில்தான் இருக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அப்பா அம்மா இருக்குற வீட்டுக்கான செலவை எமர்ஜென்சி என்று எழுதுவது தப்பான கணக்கு. அது வரும் என்று நமக்கு நல்லாவே தெரியும். எந்த மாசம், எவ்வளவு என்பதுதான் தெரியாது. தெரிஞ்ச செலவுக்கு பட்ஜெட்டில் நிரந்தரமா ஒரு இடம் வேணும், வாடகைக்கும் எஸ்.ஐ.பி.க்கும் இருக்குற மாதிரி. அந்த இடம் ரிப்பேருக்கு மட்டும் போதாது. அவங்க ஊர் சுத்துறதுக்கும், மனசுக்குப் பிடிச்சதைச் செய்யறதுக்கும் சேர்த்து வேணும்.

ரெண்டு பக்கமும் தப்பு

இதுல ரெண்டு கட்சி இருக்கு. ஒரு கட்சி, "உங்க எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீங்க, பெத்தவங்க செலவை அவங்களே பாத்துக்கணும்" என்று சொல்லும். இது பென்ஷனும் இன்சூரன்ஸும் ஒழுங்கா இருக்குற குடும்பத்துக்குச் சரி. தனியார் கம்பெனியில வேலை பாத்து, வந்த பி.எஃப். பணத்துல உங்களைப் படிக்க வெச்சு, மீதியை டெபாசிட்ல போட்டு அந்த வட்டியில வாழ்ற வீட்டுக்கு இது பொருந்தாது.

இன்னொரு கட்சி, "அப்பாவுக்காக பர்சனல் லோன் எடுக்கறதுல என்ன இருக்கு" என்று சொல்லும். பாசம் புரியுது. கணக்கையும் பாத்துடலாம்.

மாசம் 45,000 ரூபாய் கைக்கு வருதுன்னு வெச்சுக்குவோம். ஊர் வீட்டுக்கு மேஸ்திரி 4 லட்சம் எஸ்டிமேட் கொடுக்கிறார். 14% வட்டியில 3 வருஷத்துக்கு பர்சனல் லோன் எடுத்தா இ.எம்.ஐ. சுமார் 13,670 ரூபாய். கைக்கு வர்ற சம்பளத்தில் 30%. மூணு வருஷத்துல வட்டி மட்டும் 92,000 ரூபாய்க்கு மேல. அந்த 36 மாசமும் நீங்க வேலை மாற பயப்படுவீங்க. ஊருக்கு வழக்கமா அனுப்புற பணத்தைக் குறைப்பீங்க. யாருக்காக லோன் எடுத்தீங்களோ அவங்ககிட்டயே போன்ல எரிஞ்சு விழுவீங்க. வீடு பளபளன்னு ஆகும், வீட்டுக்குப் போறதுக்குத்தான் மனசு வராது.

மாசம் 4,000 என்ன செய்யும்?

அதே 45,000 சம்பளத்தில் மாசம் 4,000 ரூபாயை "ஊர் வீடு" என்று தனியா ஒதுக்கிப் பாருங்க. அதுல 3,000 ரூபாய் ஆர்.டி.யில போகட்டும். 6.5% வட்டி என்றால் 3 வருஷத்தில் 1.19 லட்சத்துக்குப் பக்கத்தில் நிக்கும். மீதி 1,000 ரூபாய் அவங்க சந்தோஷத்துக்கு. அதைப் பத்தி கீழே சொல்றேன்.

"1.19 லட்சம் வெச்சு 4 லட்சம் வேலை எப்படிப் பண்றது?" நியாயமான கேள்வி. பதில் எஸ்டிமேட்டுக்குள்ளயே இருக்கு. அந்த 4 லட்சத்தை உடைச்சுப் பாத்தா, அவசியமான வேலை ஒரு பகுதிதான். மீதி ஆசை. ஆசைப்படறது தப்பே இல்லை. ஆனா ஆசைக்கு 14% வட்டி கட்டக்கூடாது.

நான் சொல்ற வரிசை இது.

முதல்ல தண்ணி. மாடி ஒழுகினா தளத்துக்குள்ள இருக்குற கம்பி துருப்பிடிக்கும். துரு பிடிச்ச கம்பி உப்பி, மேலே இருக்குற காரையைத் தள்ளிவிடும். இன்னைக்கு ஒழுகல், நாலு வருஷத்துல சீலிங் பேந்து விழும். தாமதம் பண்ணப் பண்ண செலவு கூடிக்கிட்டே போற வேலை இதுதான். தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிக்கும். அதனால மாடி வேலையை கோடையிலேயே முடிக்கணும். மழை ஆரம்பிச்ச பிறகு கூப்பிட்டா ஆளும் கிடைக்காது, கிடைச்சாலும் ஈரத்துல பூசுற பூச்சு நிக்காது.

அடுத்தது கரண்ட். பழைய வீடா இருந்தா வயரிங், எர்த்திங் ரெண்டையும் எலக்ட்ரீஷியனை வெச்சு ஒரு தடவை பாருங்க. ஷாக் அடிச்சா லைனை உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. இல்லன்னா அதை மாட்டுங்க. ஹீட்டர், ஏ.சி. எல்லாம் நீங்க வாங்கிக் கொடுத்திருப்பீங்க, வயர் மட்டும் உங்க வயசு இருக்கும்.

மூணாவது பாத்ரூம். வழுக்காத தரை, பிடிச்சு எழுந்திரிக்க சுவத்துல ஒரு கைப்பிடி, முட்டி வலி இருந்தா வெஸ்டர்ன் டாய்லெட், ராத்திரி எழுந்து போற வழியில ஒரு லைட். வயசானவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சா வர்ற ஆஸ்பத்திரி பில்லோடு ஒப்பிட்டா இது சின்னச் செலவு. அதுக்கப்புறம் அவங்க பழையபடி நடமாட முடியாமப் போற நஷ்டத்துக்கு விலையே போட முடியாது.

இந்த மூணுக்கும் அப்புறம்தான் ஹால் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எல்லாம். பெத்தவங்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் இன்னும் எடுக்கலைன்னா, அதுவும் டைல்ஸுக்கு முன்னாடி வரணும். 2025 செப்டம்பர் 22-ல் இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்த 18% மிச்சம்.

எதிர் வீட்ல மாடி எடுக்குறாங்கன்னு அம்மா சொல்றதைக் கேட்டு நாம லோன் ஆப்பைத் திறக்கக் கூடாது. அம்மா சொன்னது செய்தி. அதை எஸ்டிமேட்டா மாத்துனது நம்ம கௌரவம்.

"நானே பாத்துக்கறேன்"னு அப்பா சொன்னா?

போன்ல வர்ற செய்தியிலேயே ரொம்பக் கவனமாக் கேக்க வேண்டியது இதுதான். "நீ கவலைப்படாதே, நானே பண்ணிக்கறேன்." எந்தப் பணத்துல?

பல வீடுகள்ல பதில் ரெண்டே ரெண்டு. ஒண்ணு டெபாசிட், இன்னொண்ணு அம்மாவோட நகை.

ரிட்டையர் ஆனவர் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 5 லட்சம் போட்டிருக்கார்னு வைங்க. 8.2% வட்டியில 3 மாசத்துக்கு ஒரு தடவை 10,250 ரூபாய் வரும். மாசக் கணக்குல 3,400 ரூபாய் சொச்சம். ஒரு வீட்டு மளிகைச் செலவுல பெரிய பங்கு அது. இப்போ வீட்டு வேலைக்கு 3 லட்சம் வேணும். அந்தக் கணக்குல இருந்து 3 லட்சத்தை மட்டும் எடுக்க வழியில்லை, முழுசா மூடணும். கணக்குத் தொடங்கி ஒரு வருஷம் முடிஞ்சு ரெண்டு வருஷத்துக்குள்ள மூடினா அசல்ல 1.5%, அதாவது 7,500 ரூபாய் பிடிப்பாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல என்றால் 1%, 5,000 ரூபாய். ஒரு வருஷத்துக்குள்ளேயே மூடினா கொடுத்த வட்டியைத் திரும்ப எடுத்துக்குவாங்க.

அபராதம்கூடப் பரவாயில்ல, ஒரு தடவையோட போயிடும். மாச வருமானம் குறையறது அப்படிப் போகாது. மாசா மாசம் வந்துக்கிட்டிருந்த வட்டி நின்னா, அவங்க எதைக் குறைப்பாங்க தெரியுமா? கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது. கேஸைக் குறைக்க முடியாது. மாத்திரையை ஒரு வேளை விட்டு ஒரு வேளை போடுவாங்க. கோயிலுக்குப் போற வேன்ல "எங்களுக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிடுவாங்க. "அப்பா வாக்கிங் போறதை விட்டுட்டாரு" என்ற செய்திக்குப் பின்னாடி முட்டி வலியும் இருக்கலாம், பிஞ்ச செருப்பும் இருக்கலாம். கேட்டாத்தான் தெரியும்.

நகைக் கடனும் இப்படித்தான். வீடியோ கால்ல அம்மா கையில வளையல் இல்லன்னா, "கழுவி வெச்சிருக்கேன்"னு வர்ற பதிலோடு விட்டுடாதீங்க. வட்டி கட்டாம கெடு தாண்டிட்டா நகை ஏலத்துக்குப் போயிடும். சொந்த ஊர்ல, தெரிஞ்சவங்க முன்னாடி நடக்குற ஏலம் அது. அதைப் பிள்ளைங்ககிட்ட சொல்லவே மாட்டாங்க.

அதனாலதான் இந்தக் கேள்வியை மரியாதையா, ஆனா நேராக் கேக்கச் சொல்றேன். "அப்பா, வேலையை நீங்களே பாருங்க. எந்தப் பணத்துல பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க. டெபாசிட்டைத் தொட வேண்டாம், மாசம் இவ்வளவு நான் தர்றேன், வேலையை ரெண்டு தவணையாப் பண்ணுவோம்." வீடு அவரோடது, முடிவும் அவரோடது. நீங்க பணம் கொடுக்கறதால மேஸ்திரிக்கு போன் போட்டு அப்பாவைத் தாண்டி உத்தரவு போடாதீங்க. பணம் அனுப்புற பிள்ளைகிட்ட பெத்தவங்க வாயை மூடிக்கறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

பணத்தை எப்படிக் கொடுக்கணும்?

இப்போ ஆடிட்டரா நாலு விஷயம்.

உங்க அக்கவுண்ட்ல இருந்து அப்பா அக்கவுண்டுக்கோ அம்மா அக்கவுண்டுக்கோ டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. பிள்ளை கொடுக்குற பணத்துக்குப் பெத்தவங்க வரி கட்ட வேண்டாம், எவ்வளவு கொடுத்தாலும் சரி. கல்யாணமான பெண் தன் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தாலும் அதே சட்டம்தான். மாமனார் மாமியாருக்குக் கொடுத்தாலும் அதேதான். அந்தப் பணத்தை அவங்க டெபாசிட்ல போட்டு வட்டி வந்தா, அந்த வட்டி அவங்க வருமானம், உங்க வருமானத்தோடு சேராது. ரொக்கமா மட்டும் 2 லட்சமோ அதுக்கு மேலயோ கொடுக்காதீங்க. அந்த அளவுக்கு ரொக்கம் வாங்குறவருக்கு அதே தொகை அபராதமா வர வாய்ப்பிருக்கு.

மேஸ்திரிக்கும் கடைக்கும் பணம் அப்பா அக்கவுண்ட்ல இருந்தே போகட்டும். பில்லும் அவர் பேர்லயே இருக்கட்டும். நாளைக்கு அந்த வீட்டை விக்கிற நிலை வந்தா, ரூம் சேர்த்தது, மாடி எடுத்தது மாதிரியான வேலைக்கு ஆன செலவை மூலதன லாபத்துல கழிக்கலாம். பெயிண்ட், சின்ன ரிப்பேர் எல்லாம் இதுல வராது. கழிக்கணும்னா உரிமையாளர் செலவு பண்ணதுக்கு ஆதாரம் வேணும். நீங்க ஜிபேல மேஸ்திரிக்கு அனுப்பின ஸ்கிரீன்ஷாட் பத்து வருஷம் கழிச்சு யாருக்கும் உதவாது.

மூணாவது, வரிச் சலுகைக்காக இதைச் செய்யாதீங்க. வீட்டு ரிப்பேர் கடன் வட்டிக்கு பழைய வரி முறையில வருஷம் 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. ஆனா அது வீட்டு உரிமையாளருக்குத்தான். வீடு அப்பா பேர்ல, கடன் உங்க பேர்ல என்றால் உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. புதிய முறையில குடியிருக்கிற வீட்டுக்கு அந்தக் கழிவே இல்லை. 2025-26-ல் இருந்து புதிய முறையில் வருஷச் சம்பளம் 12.75 லட்சம் வரை வரியே வராது. நம்ம வாசகர்கள்ல பாதிப் பேருக்கு மேல இந்த எல்லைக்குள்ளதான் இருப்பீங்கன்னு நினைக்கிறேன். இல்லாத வரியை மிச்சம் பிடிக்க யாரும் கடன் வாங்க வேண்டாம்.

நாலாவது விஷயத்தைச் சொன்னா சில பேருக்குக் கோபம் வரும். அப்பா வீட்டுக்குப் போடுற பணம் உங்க முதலீடு கிடையாது. அதை அன்பளிப்புன்னு நினைச்சுக் கொடுங்க, இல்லன்னா கொடுக்காதீங்க. அப்பா சொந்தமாச் சம்பாதிச்சுக் கட்டின வீட்டுக்கு உயில் எழுதாம அவர் காலம் முடிஞ்சா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும், எல்லாப் பிள்ளைகளுக்கும், அப்பாவோட அம்மா உயிரோடு இருந்தா அவங்களுக்கும் சம பங்கு. பெண் பிள்ளைக்கும் அதே பங்குதான். மத்த மதத்தவருக்குச் சட்டம் வேற. டைல்ஸுக்கு 4 லட்சம் போட்டேன் என்பதற்காக உங்க பங்கு தானாக் கூடாது.

இதை மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு பணம் போடுறவங்கதான் பிற்காலத்துல அக்கா தங்கச்சியோடு கோர்ட்ல நிக்கிறாங்க. அதனால வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போடுங்க: என்ன வேலை, எவ்வளவு ஆகும், நான் இவ்வளவு தர்றேன், மத்தவங்க முடிஞ்சதைத் தரலாம். கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சா நாளைக்கு "எங்களைக் கேக்கவே இல்லையே"ன்னு யாரும் சொல்ல முடியாது. பணம் தர முடியாத தம்பி, மேஸ்திரி பக்கத்துல ரெண்டு நாள் நின்னு வேலையைப் பாத்தா அதுவும் பங்குதான்.

அந்த 1,000 ரூபாய்

இப்போ அந்தச் சந்தோஷ ஒதுக்கீடு. நம்ம பட்ஜெட்ல நமக்கு ஓ.டி.டி. இருக்கு, வீக் எண்ட் இருக்கு, வருஷத்துக்கு ஒரு டிரிப் இருக்கு. அதையெல்லாம் "லைஃப்ஸ்டைல்"னு எழுதறோம். பெத்தவங்களுக்கு எழுதறது மருந்தும் ரிப்பேரும் மட்டும். அவங்க என்ன, பராமரிக்க வேண்டிய சொத்தா?

மாசம் 1,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 12,000. ரெண்டு பேர் ரயில்ல ராமேஸ்வரமோ மதுரையோ போயிட்டு, ஒரு நல்ல ரூம்ல தங்கி, நல்லாச் சாப்பிட்டு வரலாம். முன்னாடி ரயில்ல ஆண்களுக்கு 60 வயசுல இருந்து 40%, பெண்களுக்கு 58 வயசுல இருந்து 50% கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினது. இப்போ முழு டிக்கெட்தான். உங்க அப்பா இதை உங்ககிட்ட புகாராச் சொல்லியிருக்க மாட்டார். பயணத்தைக் குறைச்சிருப்பார், அவ்வளவுதான். இந்து சமய அறநிலையத் துறை 60 முதல் 70 வயசு வரை இருக்கிறவங்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமா அழைச்சிட்டுப் போற திட்டமும் இருக்கு. அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போட்டுக் கொடுக்கறது நம்ம வேலை.

பயணம் பிடிக்காதவங்களும் இருப்பாங்க. மாடியில நாலு தொட்டி, ஒரு நல்ல ரேடியோ, கேரம் போர்டு, நூலகச் சந்தா, வாக்கிங் ஷூ. எதுன்னு நீங்க முடிவு பண்ண வேண்டாம். மாசா மாசம் அம்மா அக்கவுண்ட்ல "இது வீட்டுச் செலவுக்கு இல்ல" என்று சொல்லிப் போடுங்க. முதல் மூணு மாசம் அதையும் எடுத்து மளிகைக்குத்தான் செலவு பண்ணுவாங்க. நாலாவது மாசம் மாறும்.

"எனக்கே பத்தலை" என்கிறவங்களுக்கு

25,000 சம்பளம், ரூம் வாடகை, எஜுகேஷன் லோன் எல்லாம் இருக்குறவங்ககிட்ட 4,000 ஒதுக்குங்கன்னு நான் சொல்ல மாட்டேன். 500 ரூபாயில ஆரம்பிங்க. தொகையை விட அந்த இடம் பட்ஜெட்ல இருக்கறது முக்கியம். இடம் இருந்தா, இன்க்ரிமெண்ட் வரும்போது அதுவும் வளரும். இடமே இல்லன்னா, இன்க்ரிமெண்ட் வந்ததும் பைக் இ.எம்.ஐ.தான் வளரும். உங்க சொந்த எமர்ஜென்சி ஃபண்டையும் கால இன்சூரன்ஸையும் நிறுத்திட்டு இதைச் செய்யாதீங்க. ஏன்னா உங்களுக்கு வேலை போச்சுன்னா, முதல்ல உடையறது அப்பாவோட டெபாசிட்தான்.

இந்த ஞாயித்துக்கிழமை போன் வரும்போது ஸ்பீக்கர்ல போடாதீங்க. ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. மூணு கேள்வி கேளுங்க. மழைக்கு வீடு எங்கே ஒழுகுது? வேலை நடந்தா எந்தப் பணத்துல நடக்கும்? நீங்க ரெண்டு பேரும் கடைசியா எப்போ வெளியூர் போனீங்க? வர்ற பதிலை அப்படியே எழுதிக்கோங்க. திங்கட்கிழமை உங்க பட்ஜெட் ஷீட்ல "ஊர் வீடு"ன்னு ஒரு புது ரோ சேருங்க.

எவ்வளவு போட்டீங்கன்னு கமெண்ட்ல சொல்ல வேண்டாம். அம்மா அப்பாவை எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்க, படிக்க ஆசையா இருக்கேன்.